சின்னக்கண்ணுவுக்கு இடமில்லை

2025 ஜூலை 14, திங்கட்கிழமை, காலை மணி 10.40. நல்ல மழை. சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் கூரை விளிம்பு ஓரமாகத்தான் எனக்கு நாற்காலி கிடைத்தது. சாரல் இடது தோளில் விழுந்துகொண்டிருந்தது. வேறு நாற்காலி காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அங்கே உட்கார்ந்தேன். பையில் முருங்கைக்காய் ஏழு. கடைக்காரன் முதலில் ஆறைப் போட்டுவிட்டு ஏழு என்றான். வீட்டுக்குப் போய் எண்ணியிருந்தால் அவனிடம் கேட்டிருக்க முடியாது, நல்லவேளை அங்கேயே எண்ணிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது எதிரே ஒருவர் தேநீர்க் குவளையோடு வந்து நின்றார்.

"சார், என்னைத் தெரியுதா?"

தெரியவில்லை. முப்பத்தெட்டு வருடம் மாணவர் சேர்க்கைப் பிரிவில் வேலை பார்த்தவனை வெளியில் இப்படிச் சிலர் நிறுத்துவதுண்டு. இடம் கிடைத்தவர்கள் நிறுத்துவதில்லை. ஆகவே கொஞ்சம் பயத்தோடுதான் பார்த்தேன்.

"எங்கப்பாவுக்கு இடம் இல்லைன்னு கடிதம் போட்டீங்களே சார். செத்துப்போன மனுஷனுக்கு."

"முருகையா," என்றேன்.

"இந்தத் தடவ பேரைச் சரியா சொல்லிட்டீங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் தோளிலும் சாரல் விழுந்தது.

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து, ஈரம் படாமல் கையால் மறைத்துக்கொண்டு காட்டினார். நான் வேலை செய்த கல்விக்கழகத்தின் விளம்பரம். வரும் ஜனவரியிலிருந்து மாலை நேரப் படிப்புகளில் இருபத்தொரு வயது நிரம்பிய யார் வேண்டுமானாலும் சேரலாம். மதிப்பெண் வேண்டாம், நேர்முகம் வேண்டாம். முதலில் ஒரே ஒரு பாடம் எடுத்துப் படித்துப் பார்க்கலாம். தேறினால் அடுத்தது.

செய்தி எனக்குத் தெரியும். போன மாதமே என் பழைய பிரிவில் இப்போது பொறுப்பில் இருக்கும் பெண் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். "சார், மேற்படிப்ப எல்லாருக்கும் திறந்து விடலாமா, வேணாமா? நம்ம ஸ்டாஃப் இதழுக்கு உங்க அனுபவத்த எழுதிக் கொடுங்க. எண்ணூறு சொல் போதும்." சரி என்றேன், எழுதவில்லை. இந்தக் கேள்வியை நான் போதுமான அளவு கேட்டுவிட்டேன். முருகையாவைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். எண்ணூறில் அடங்கவில்லை. வெட்டுவது அவர்கள் வேலை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அந்தக் காலத்து எச்.எஸ்.சி. வரை படித்தேன். அதற்கு மேல் இடம் கிடைக்கவில்லை. சில வருடம் கப்பல் நிறுவனம் ஒன்றில் தட்டச்சு வேலை. இருபத்தேழாவது வயதில் கல்விக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தேன், அறுபத்தைந்தில் துணை மேலாளராக வெளியே வந்தேன். பட்டம் கிடையாது. யார் உள்ளே வரலாம் என்று பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவன் உள்ளே ஒரு வகுப்பிலும் உட்கார்ந்ததில்லை. இது எனக்கு வருத்தமா என்று இளையவர்கள் கேட்பார்கள். மாதாமாதம் சம்பளம் வந்தது, வேலை நின்றுபோகவில்லை. அதற்கு மேல் யோசிக்க நேரம் இருக்கவில்லை.

வேலையைக் கற்றுக்கொண்டது திருமதி தம்பையாவிடம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா காலத்திலேயே இங்கே ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர்கள். அலுவலகத்தில் ஆங்கிலம்தான் பேசுவார். கதவைச் சாத்தியபின் என்னோடு மட்டும் தமிழ். நாற்பது வருடம் இந்த ஊரில் நாங்கள் பேசும் தமிழ் காதில் விழுந்தும் அவர் தமிழ் மாறவில்லை. என்னை 'நீர்' என்பார். முதல் மாதம் எனக்குக் கோபமாக இருந்தது. அது அவர்கள் மரியாதை என்று பிறகுதான் தெரிந்தது.

மாலை நேரப் பொறியியல் படிப்புக்கு அறுபது இடம். அந்த எண் மாறியதே இல்லை. ஆய்வுக்கூடத்தில் அத்தனை மேசைதான். விண்ணப்பங்கள் எல்லாவற்றுக்கும் புள்ளி போடுவோம். படிப்புக்குத் தொண்ணூறு, வேலை அனுபவத்துக்கு வருடத்துக்கு ஒன்று வீதம் அதிகபட்சம் பத்து. புள்ளி வரிசையில் பெரிய தாளில் அச்சடித்து அவர் மேசையில் விரிப்பேன். அவர் கண்ணாடியைத் துடைப்பார். இரும்பு அடிக்கோலை எடுத்து அறுபதாவது பெயருக்கும் அறுபத்தொன்றாவது பெயருக்கும் நடுவில் வைத்து, பென்சிலால் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் ஒரு கோடு. பிறகு கோட்டுக்கு மேலே இருக்கும் ஐந்து பேரையும் கீழே இருக்கும் ஐந்து பேரையும் நான் உரக்கப் படிக்க வேண்டும். பெயர், வயது, வேலை, ஏன் படிக்க வேண்டும் என்று அவர்கள் எழுதிய பத்தி, எல்லாவற்றையும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

கீழே இருக்கும் ஐந்தில் எப்போதும் ஒருவர் மனதைப் பிசைவார். கணவனை இழந்த தாதி, மூன்று தம்பிகளைப் படிக்கவைத்துவிட்டுத் தன் முறைக்கு வந்த லாரி ஓட்டுநர். "மேடம், இவரை எடுக்கலாமே," என்பேன்.

"எடுக்கலாம்," என்பார் கண்ணைத் திறக்காமல். "ஆற்ற இடம்?"

யாருடைய இடம் என்று அர்த்தம். ஒருவரை மேலே ஏற்ற வேண்டுமானால் மேலே இருக்கும் ஒருவரின் பெயரை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் மறு பேச்சில்லாமல் அவர் பெயரை அடித்துவிடுவார். அப்படி நீக்கப்பட்டவருக்கு இடமில்லை என்ற கடிதத்தை நானே கையால் எழுத வேண்டும், அச்சில் அனுப்பக்கூடாது. இதுதான் அவருடைய நடைமுறை. அவரிடம் வேலை பார்த்த காலம் முழுவதும் சேர்த்து இரண்டு தடவைதான் நான் பெயர் சொன்னேன். அந்த இரண்டு பெயரும் இப்போதும் நினைவிருக்கிறது. அவர்களைத் தெருவில் பார்த்தால் எனக்குத் தெரியாது.

இருபத்தொரு வருடத்துக்கு முன் புதுக் கணினி முறை வந்தது. அதுவரை கடிதங்களை நாங்கள் தட்டச்சு செய்தோம். இனி அதுவே பெயரை எடுத்து அதுவே அச்சடித்து உறையில் போடும். படிவத்தில் இரண்டு கட்டம்: குடும்பப் பெயர், சொந்தப் பெயர். நம் அடையாள அட்டையில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதை எஸ் சாய்கோடு ஓ, டி சாய்கோடு ஓ என்று போட்டிருப்பார்கள். கணினி சாய்கோட்டை ஏற்றுக்கொள்ளாது. அதைத் தூக்கிவிட்டு, அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டது. சொந்தப் பெயரில் முதல் எழுத்து மட்டும் மிஞ்சியது.

கணினிப் பிரிவில் லியோங் என்று ஒரு பையன். அவனிடம் போனேன்.

"உங்க ஆளுங்களுக்கு எதுதான் லா குடும்பப் பேரு?" என்று இந்த ஊர் 'லா' போட்டு ஆங்கிலத்தில் கேட்டான்.

"எங்களுக்குக் குடும்பப் பேர் கிடையாது. பக்கத்துல இருக்கறது அப்பா பேர்."

"அப்ப அதுதான் குடும்பப் பேரு."

"எங்கப்பா பேர் எப்படி என் பேர் ஆகும்?"

"நான் லியோங். எங்கப்பாவும் லியோங். எங்க தாத்தாவும் லியோங். பிரச்சனையே இல்ல லா, அங்கிள்."

நான் இரண்டு குறிப்பு எழுதி அனுப்பினேன். அடுத்த பதிப்பில் சரி செய்யப்படும் என்று பதில் வந்தது.

அந்த வருடம் மாலைப் படிப்புக்கு 212 விண்ணப்பம். முடிவுகள் போய் ஒரு வாரம் கழித்துப் பதிவு நாள். கடைசி நேரம் மாலை ஐந்து மணி. ஐந்துக்குள் கையெழுத்துப் போடாதவரின் இடம் கோட்டுக்குக் கீழே முதலில் நிற்பவருக்குப் போய்விடும். மூன்றரை மணி இருக்கும். என் முகப்பு மேசைக்கு ஒருவர் வந்தார். தேய்த்த முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். பக்கத்தில் மருந்தகச் சீருடையில் ஒரு பெண். அவர் நீட்டிய பிளாஸ்டிக் உறையில் பழைய எச்.எஸ்.சி. சான்றிதழ், அடையாள அட்டை, எங்கள் கடிதம்.

"சேர வந்திருக்கேன் சார்," என்றார். "முருகையா. பஸ் டிப்போல மெக்கானிக். இது என் மக மலர்விழி. அவளும் போட்டிருந்தா, அவளுக்குக் கிடைக்கல. கூட வந்திருக்கா, பாவம்."

கடிதத்தில் இருந்த எண்ணைத் தட்டினேன். திரையில் பெண் என்று வந்தது, வயது இருபத்தொன்று, பலதுறைத் தொழிற்கல்லூரி டிப்ளோமா. எண்ணை மறுபடி தட்டினேன். மறுபடி அதே. மூன்றாவது தடவை தட்டும்போது அந்தப் பெண் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உங்க கடிதம் இல்லையே," என்றேன்.

"என் பேர்தானே சார் போட்டிருக்கு. அன்புள்ள முருகையா எம். பாருங்க."

"இந்த எம் என்னன்னு நெனச்சீங்க?"

"மிஸ்டர்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மலர்விழி, முருகையாவின் மகள். கணினி அவளை முருகையா எம். ஆக்கியிருந்தது. முருகையா, சின்னக்கண்ணுவின் மகன். அவரைச் சின்னக்கண்ணு எம். ஆக்கியிருந்தது. வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு கடிதம் போயிருக்கிறது. அன்புள்ள முருகையா, உங்களுக்கு இடம் உண்டு. அன்புள்ள சின்னக்கண்ணு, வருந்துகிறோம்.

"ரெண்டாவது கடிதம் எங்கப்பா பேர்ல வந்துச்சு," என்றார் முருகையா. "அவர் செத்தே பதினாறு வருஷம் ஆச்சு. மலர்தான் சொன்னா, தாத்தா பேர மாத்திப் போட்டுட்டாங்க, இது எனக்கு வந்ததுப்பான்னு."

நான் அவளைப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமாம்மா?"

"நம்பரப் பாத்தேன் சார்," என்றாள் மெதுவாக. "நீங்க நம்பரப் பாக்காம பேர மட்டும் பாத்து முடிச்சுடக் கூடாதா? அப்பாவுக்கு நாப்பத்தெட்டு ஆச்சு. எனக்கு அடுத்த வருஷம் இருக்கு."

முருகையா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். பின்னால் வரிசையில் ஏழு பேர் நின்றார்கள். மணி மூன்று நாற்பத்தைந்து. நான் முகப்பில் 'சற்று நேரம்' பலகையை வைத்துவிட்டு திருமதி தம்பையாவின் அறைக்குப் போனேன்.

"என்ன தனபாலன், நீர் ஏன் வேர்த்துப் போய் நிக்கிறீர்?"

சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு, "ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாரும். கதவைச் சாத்தும்," என்றார்.

அவர்களை உட்கார வைத்து அவரே பேசினார். சுற்றி வளைக்கவில்லை. கடிதம் மகளுடையது, தகப்பனுக்கு இடமில்லை, பிழை எங்களுடையது, மன்னிக்க வேண்டும். இவ்வளவுதான். மன்னிப்பை இரண்டு தடவை கேட்டார்.

"அப்ப நானும் சேரல," என்றாள் மலர்விழி.

"நீ வாய மூடிட்டு உக்காரு," என்றார் முருகையா. அந்த அறைக்கு வந்தபின் அதுதான் அவருடைய முதல் பேச்சு. பிறகு திருமதி தம்பையாவைப் பார்த்து, "மேடம், ஒண்ணு கேக்கலாமா? எங்கப்பாவுக்கு இடம் இல்லைன்னு சொல்லிட்டீங்க. ஒத்துக்கறேன். அவருக்கு ஏபிசிடி கூடத் தெரியாது. ஆனா எனக்கு இன்னும் நீங்க பதிலே சொல்லலையே?"

திருமதி தம்பையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம்," என்றார். "அது சரி. உங்களுக்குப் பதில் வரேல்ல. வெளியில கொஞ்ச நேரம் இருங்கோ."

அவர்கள் வெளியே போனதும் பெரிய தாளை விரித்தேன். மலர்விழி ஐம்பத்தெட்டாவது. முருகையா எழுபத்தொன்றாவது. அவருடைய விண்ணப்பத்தை உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். இருபத்துநான்கு வருடம் பேருந்துப் பணிமனை. அனுபவத்துக்குப் பத்துப் புள்ளிதான். மீதிப் பதினான்கு வருடம் எங்கே போகும் என்று படிவத்தில் இல்லை. ஏன் படிக்க வேண்டும் என்ற இடத்தில் ஒரு வரிதான் எழுதியிருந்தார். பேருந்து எஞ்சின் ஏன் ஓடுகிறது என்று தனக்குத் தெரியும், அதைக் கணக்கில் எழுதத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"மேடம், இந்த ஆளை எடுத்துடலாம்," என்றேன். "என்னைவிட மூணு வயசுதான் கம்மி. என்னைப்போலவே எச்.எஸ்.சி. அவங்கப்பாவுக்கு நாம கடிதம் போட்டிருக்கோம். வெளிய தெரிஞ்சா கேவலம்."

"ஆற்ற இடம்?"

நான் மேலே இருந்த பெயர்களைப் பார்த்தேன். அறுபதாவது, ஒரு குழந்தை பராமரிப்பாளர். ஐம்பத்தொன்பதாவது, ராணுவத்தை விட்டு வந்த ஒருவர். ஐம்பத்தெட்டு, மலர்விழி.

"சரி, நீர் ஒரு பெயர் சொல்லிப்போட்டீர் எண்டே வைப்பம்," என்றார். "அப்பவும் இவருக்கு முன்னால பத்துப் பேர் நிக்கினம், தனபாலன். அறுபத்தொண்டில இருந்து எழுபது மட்டும். அவையளுக்குக் கடிதம் ஒழுங்காப் போய்ச் சேர்ந்தது. அவையளிட்டச் சொல்றதுக்கு இப்பிடி ஒரு சிரிப்புக் கதை இல்லை. அதுதான் அவை செய்த பிழையோ?"

பெரிய தாளைச் சுருட்டினேன். எல்லாரையும் விடலாமா என்று கேட்கிறவர்கள் மனதில் எப்போதும் ஒரு முருகையா இருக்கிறார், கதையோடு வருகிறவர். அந்தப் பத்துப் பேரை நான் பார்த்ததே இல்லை. அவர்கள் உறையைப் பிரித்து, படித்து, அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள்.

மணி நாலரை. திருமதி தம்பையா தன் மேசையில் இருந்த பழைய தட்டச்சுப் பொறியைக் காட்டினார். நான் தட்டச்சு செய்தேன். அன்புள்ள திரு முருகையா, சின்னக்கண்ணுவின் மகன். சாய்கோட்டோடு. வருந்துகிறோம். அவர் கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை ஊதி, தானே எழுந்து வெளியே போய் இரண்டு கையாலும் கொடுத்தார்.

முருகையா நின்றபடியே படித்தார். "இப்ப சரியான ஆளுக்கு வந்திருக்கு," என்றார். கடிதத்தைச் சான்றிதழ் இருந்த உறைக்குள் வைத்தார். மகளிடம் திரும்பி, "போ, சைன் பண்ணு. அஞ்சு மணிக்குள்ள" என்றார்.

அவள் அசையவில்லை. அழுதுகொண்டிருந்தாள்.

"நீ போடலன்னா எனக்கா கொடுக்கப் போறாங்க? எனக்கு முன்னால யாரோ நிப்பாங்க. முகம் தெரியாதவனுக்குக் கொடுக்கறதுக்கு நீ இத்தனை நாள் படிச்சியா?"

நான்கு ஐம்பத்திரண்டுக்குக் கையெழுத்துப் போட்டாள். என் பேனாதான். திருப்பித் தரவில்லை.

அந்த அறுபது பேரில் ஐந்து வருடம் கழித்துப் பட்டம் வாங்கியவர்கள் முப்பத்தேழு பேர். அவளும் ஒருத்தி. மற்ற இருபத்துமூன்று பேர் நடுவிலேயே நின்றுவிட்டார்கள். குழந்தை, வேலை மாற்றம், கணக்குப் பாடம். ஆக இருபத்துமூன்று மேசை வெறுமனே கிடந்தது, வெளியே 152 பேர் நின்றார்கள். இதைத் திருமதி தம்பையாவிடம் ஒருமுறை சொன்னேன். "எந்த இருபத்துமூண்டு பேர் எண்டு முதல் நாளே உமக்குத் தெரியுமெண்டால் சொல்லும், கோட்டை அழிச்சுப்போட்டு வேற கீறுவம்," என்றார். அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

ஆகவே கேள்விக்கு என் பதில் என்ன? என் மனம் இரண்டு பக்கமும் போகிறது, வயதாகிவிட்டதால் இப்போது மெதுவாகப் போகிறது. கதவைத் திறந்தால் தரம் போய்விடும் என்கிறவர்களுக்கு: கோடு போட்ட காலத்தில் எங்கள் புள்ளிகள் எவ்வளவு சரியாக இருந்தன என்று மேலே சொல்லிவிட்டேன். எல்லாரும் வரட்டும் என்கிறவர்களுக்கு: அறுபது மேசை இருந்தபோது ஒரு மேசை காலியானால் விரிவுரையாளர் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார், அந்த மருந்தகப் பெண் ஏன் வரவில்லை என்று. நான் வீட்டுக்குத் தொலைபேசி போடுவேன். இப்போது வகுப்பு பாதிக்கு மேல் திரையில் நடக்கிறது. மேசைக்குக் கணக்கில்லை. யார் இடத்தையும் யாரும் எடுப்பதில்லை என்றால் நல்லதுதான். ஆனால் ஒருவர் வராமல் போனால் யாருக்குத் தெரியும்? திறந்த கதவு வழியாக வெளியே போகிறவரை யார் எண்ணுவார்கள்? இதை யாராவது யோசித்தார்களா என்று கேட்டால், அதற்குத் தனியாக ஒரு குழு இருக்கிறதாம்.

தேக்காவில் முருகையாவிடமும் இதையெல்லாம் சொன்னேன். மழை விட்டிருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், நீங்க சொல்றது சரிதான்," என்றார். "ஆனா நான் வெளிய போகணும்னா முதல்ல உள்ள போகணும்ல?"

பணிமனையிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து வருடமாம். பாசிர் ரிஸில் மகள் வீட்டில் இருக்கிறார். மகள் ரயில் சமிக்ஞைப் பிரிவில் பொறியாளர். வயது நாற்பத்திரண்டு, அப்பாவை மிரட்டும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள் என்றார். அவள்தான் விளம்பரத்தை அச்சடித்துக் கொடுத்தாள்.

"ஃபார்ம் நெரப்பிக் கொடுங்க சார். மத்ததெல்லாம் எனக்கே வரும். பேர் எழுதத்தான் பயமா இருக்கு."

அவர் கைத்தொலைபேசியில் படிவத்தைத் திறந்தோம். எனக்கு அந்த எழுத்து தெரியவில்லை, கைக்கெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தேன். குடும்பப் பெயர். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. இருபத்தொரு வருடமாகியும் அந்த அடுத்த பதிப்பு வரவில்லை.

"என்ன போடறது?" என்றேன்.

முருகையா வாங்கி அவரே தட்டினார். குடும்பப் பெயர்: முருகையா. சொந்தப் பெயர்: முருகையா. "எப்படித் திருப்பினாலும் எனக்குத்தான் வரணும்," என்றார். "இப்ப உங்களுக்கு."

"எனக்கு எதுக்கு?"

"நீங்களும் எச்.எஸ்.சி.தானே? அன்னிக்கு அந்த ரூம் சுவர் காகிதம் மாதிரி சார். நீங்க எனக்காகப் பேசுனது வெளிய கேட்டுச்சு."

எனக்கு எழுபத்திரண்டு வயது என்றேன். முழங்கால் என்றேன். கண் என்றேன். படித்து என்ன செய்யப் போகிறேன் என்றேன். எனக்கு முன்னால் பத்துப் பேர் நிற்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், இப்போது அப்படி யாரும் நிற்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. திருமதி தம்பையாவின் கேள்வியை எனக்குள் கேட்டுப் பார்த்தேன். ஆற்ற இடம்? யாருடையதும் இல்லை. அந்தப் பதில் எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது.

அடிப்படைக் கணக்கு, ஒரு பாடம், ஜனவரியில் தொடக்கம். நான் முருகையா மாதிரி செய்யவில்லை. விதிப்படி நிரப்பினேன். குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர்.

ஒன்பது நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. அன்புள்ள திரு ஆறுமுகம், உங்களுக்கு இடம் வழங்குவதில் மகிழ்ச்சி அடைகிறோம்.

என் அப்பா ஆறுமுகம் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் மூட்டை தூக்கினார். சம்பளத்துக்குக் கைநாட்டு வைப்பார். என் எச்.எஸ்.சி. முடிவு வந்த அன்று தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு மேல உன்ன எங்கயாச்சும் சேத்துப்பாங்களா?" என்று கேட்டார். சேர்த்துக்கொள்ளவில்லை என்று வந்த கடிதத்தையும் அவரே தபால்பெட்டியிலிருந்து எடுத்து வந்தார்.

மின்னஞ்சலின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: பெயரில் பிழை இருந்தால் இருபது சிங்கப்பூர் வெள்ளி கட்டித் திருத்திக்கொள்ளலாம். நான் கட்டவில்லை.

விண்ணப்பக் கட்டணம் வரியோடு பத்து வெள்ளி தொண்ணூறு காசு. பாடக் கட்டணம் வரியோடு நானூற்று இருபத்தைந்து வெள்ளி பத்துக் காசு. படிக்கும் கண்ணாடி அறுபத்தைந்து வெள்ளி. அன்றைக்குத் தேக்காவில் இரண்டு தேநீர், முருகையா கொடுக்கப் பார்த்தார், நான் விடவில்லை, மூன்று வெள்ளி இருபது காசு. ஆக மொத்தம் ஐந்நூற்று நான்கு வெள்ளி இருபது காசு.